மக்கு யார்? பிள்ளையா, பள்ளியா?

“பாய், உங்க பையனுக்குப் படிப்பு ஏறலை. வீணா எதுக்கு ஃபீஸ் கட்டிக்கிட்டு? பேசாம கடையில உட்கார வச்சிடுங்க.”

இந்த வார்த்தை காதில் விழாத கடைவீதி நம் ஊர்களில் உண்டா? வாத்தியாரே சொல்லி விட்டார் என்று அத்தாவும் நம்பி விடுகிறார். அடுத்த வாரமே பையன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விடுகிறான்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் ஒரு வரி வாசிக்கத் திணறிய அதே பையன் கடையில் பதினைந்து சாமான்களின் விலையை மனக் கணக்காகக் கூட்டிச் சொல்கிறான். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் புரட்டாமலே ஒப்பிக்கிறான். வந்திறங்கிய பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னால் மட்டும் அவன் முகம் சுண்டிப் போகிறது.

இவன் மக்கு என்றால் கணக்கு எப்படி வருகிறது? மக்கு இல்லை என்றால் எழுத்து ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வாத்தியாரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் சில பெற்றோர் இதைக் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் சட்டமன்றப் படிக்கட்டுகளில் ஏறினார்கள். மாநிலம் மாநிலமாகச் சட்டம் வாங்கினார்கள். அமெரிக்கா என்றாலே முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக் கொள்ளுங்கள். அந்த அரசின் புகழ் பாட இதை எழுதவில்லை. அரசை வேலை வாங்கிய தாய் தந்தையரின் கதை இது. அதில் வெற்றியும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. இரண்டுமே நமக்குப் பாடம்.

சோம்பலும் அல்ல, புத்திக் குறைவும் அல்ல

1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கண்ணில் கோளாறு இல்லை. அறிவில் குறைவில்லை. கணக்கு நன்றாக வந்தது. ஆனால் எத்தனை ஆண்டு சொல்லிக் கொடுத்தும் வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். நம் கடைவீதிப் பையனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறார்கள். பேச்சு பிள்ளைக்குத் தானாக வந்து விடும். வாசிப்பு அப்படி வராது, யாராவது சொல்லிக் கொடுத்தாக வேண்டும். ‘கடல்’ என்ற சொல்லுக்குள் தனித் தனி ஒலிகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளையின் காது பிரித்துக் கேட்க வேண்டும். அந்த ஒலிகளை எழுத்துகளோடு மூளை முடிச்சுப் போட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த முடிச்சு சுலபமாக விழுந்து விடுகிறது. சில பிள்ளைகளுக்கு விழுவதில்லை, அல்லது மிகத் தாமதமாக விழுகிறது. நூறு பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் 5 பேர் முதல் 20 பேர் வரை என்று ஆய்வாளர்களின் கணக்குகள் வேறுபடுகின்றன. 5 பேர் என்றே வைத்துக் கொண்டாலும், நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர்!

இது குடும்ப வழியாகவும் வருகிறது. தனக்கும் சின்ன வயதில் எழுத்து ஓடாமல் பள்ளியை விட்டு வந்த அத்தாக்கள் மகன் விஷயத்தில் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாத்திரை கிடையாது. ஆனால் வழி உண்டு. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாக, திரும்பத் திரும்பச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே அந்த வழி. சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930களிலேயே இந்த முறைக்கு அடித்தளம் போட்டு விட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சீக்கிரம் தொடங்க வேண்டும். ஐந்து, ஆறு வயதில் தொடங்கினால் எளிது. பத்து வயதுக்குப் பிறகு அதே வேலைக்குப் பல மடங்கு உழைப்பு தேவை. அதற்குள் பிள்ளையின் மனமும் நொறுங்கிப் போயிருக்கும்.

வழி தெரிந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகின்றன. பிறகு ஏன் பிள்ளைகள் இன்னும் மக்குப் பட்டம் சுமக்கிறார்கள்? இங்கேதான் சட்டத்தின் கதை வருகிறது.

காசு உள்ளவனுக்கு நீதி

ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி தர வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு 1975ல் சட்டம் போட்டது. கற்றல் குறைபாடும் அதில் இடம் பெற்றது. ஏட்டளவில் நல்ல சட்டம். நடைமுறையில் என்ன ஆனது? பிள்ளையின் அறிவுத்திறன் அளவுக்கும் படிப்பில் அவன் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால்தான் உதவி என்று ஓர் அளவுகோல் வைத்தார்கள். அந்த இடைவெளி தெரிய வேண்டுமானால் பிள்ளை இரண்டு, மூன்று ஆண்டு தோற்க வேண்டும். முதலில் தோற்றுப் போ, பிறகு வா என்பதுதான் இதன் பொருள்! இந்த அளவுகோல் கட்டாயமில்லை என்று சொல்ல 2004 வரை ஆயிற்று.

தென் கரோலினா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு டிஸ்லெக்சியா இருப்பது தெரிய வந்தது. பள்ளி போட்டுக் கொடுத்த திட்டம் என்ன தெரியுமா? ஓர் ஆண்டு முழுக்கக் கற்பித்து வாசிப்பில் நான்கு மாத முன்னேற்றம் காட்டுவோம் என்பது! பெற்றோர் கொதித்துப் போனார்கள். மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1993ல் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அரசுப் பள்ளி தன் கடமையில் தவறியதால் தனியார் பள்ளிக்குச் செலவான பணத்தை அது திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

மகத்தான தீர்ப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். முதலில் கையில் இருந்து பணம் கட்ட முடிந்தவர்கள் அந்தப் பெற்றோர். உச்ச நீதிமன்றம் வரை தாக்குப் பிடிக்க முடிந்தவர்கள். அன்றாடம் கூலிக்குப் போகும் கறுப்பினத் தாய்க்கு இது முடியுமா? ஆங்கிலம் தெரியாமல் மெக்சிகோவில் இருந்து வந்த தொழிலாளிக்கு முடியுமா? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் பெயர் டிஸ்லெக்சியா. அதே குறை உள்ள ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் மக்கு. குறை ஒன்றுதான், பெயர்தான் இரண்டு!

எனவே பெற்றோர் கேட்டால் சோதிப்போம் என்று இருந்தால் ஏழைக்கு ஒன்றும் கிடைக்காது. யாரும் கேட்காமலே எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியே சோதிக்க வேண்டும். மாநிலச் சட்டங்களுக்கான போராட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

ரயில் பெட்டி அளவு கூட்டம்

அமெரிக்காவில் கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆகவே 50 தலைநகரங்களில் 50 போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2011ல் நியூஜெர்சியில் சில பெற்றோர் மட்டும் கூடி ‘டிகோடிங் டிஸ்லெக்சியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு ரயில் பெட்டியின் மூலையில் அடங்கி விடக்கூடிய கூட்டம். பின்னால் பணபலம் இல்லை, கட்சி இல்லை. உறுப்பினர்களைச் சந்தித்தார்கள், மனுக் கொடுத்தார்கள், தங்கள் பிள்ளைகளையே கூட்டிப் போய்ப் பேச வைத்தார்கள்.

பலன் கிடைத்தது. டிஸ்லெக்சியாவின் அறிகுறி தென்படும் பிள்ளைகளை இரண்டாம் வகுப்பின் முதல் அரையாண்டுக்குள் சோதித்தாக வேண்டும், ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும் என்று சில ஆண்டுகளுக்குள் நியூஜெர்சி சட்டம் இயற்றியது. அந்த அமைப்பும் 50 மாநிலங்களுக்கும் பரவி விட்டது.

‘நாலு பேர் கூடி என்ன சாதிக்க முடியும்?’ என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டெக்சாஸ் செய்த துரோகம்

சட்டம் வந்து விட்டால் போதுமா? போதாது என்பதற்கு டெக்சாஸ் சாட்சி.

டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களைக் கண்டறிந்து உதவ வேண்டும் என்று முதன் முதலில் சட்டம் கொண்டு வந்த மாநிலம் டெக்சாஸ்தான். ஆண்டு 1985. நாடே பாராட்டியது. ஆனால் 2004ல் அதே மாநிலத்தின் கல்வித் துறை ஓசைப்படாமல் ஒரு வேலை செய்தது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர் எண்ணிக்கை மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பள்ளி மாவட்டத்துக்குக் கண்காணிப்பில் மதிப்பு குறையும் என்று ஓர் இலக்கு வைத்தது. நாடு தழுவிய சராசரி ஏறத்தாழ 13 சதவீதம்! சட்டமன்றத்தில் விவாதம் இல்லை, பொதுமக்களுக்கு அறிவிப்பு இல்லை. பள்ளி நிர்வாகங்கள் என்ன செய்யும்? உதவி கேட்டு வந்த பெற்றோரை ஏதேதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பின. டிஸ்லெக்சியாவுக்கென்று இருந்த திட்டமே சில இடங்களில் முழுமையான சோதனையைத் தட்டிக் கழிக்கும் வழியாகி விட்டது.

பன்னிரண்டு ஆண்டு இப்படியே போயிற்று. 2016ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் என்ற நாளேடு இதை அம்பலப்படுத்தியது. 2017ல் சட்டமன்றம் இந்த உச்சவரம்புக்குத் தடை விதித்தது. டெக்சாஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை அறிவித்தது. சரி, 2004ல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2016ல் எங்கே இருப்பான்? பள்ளிப் பருவமே முடிந்து போயிருக்கும். அந்தப் பன்னிரண்டு ஆண்டை அவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இதே டெக்சாஸ் சிறைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியானது. கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொற்களைக் கூட்டி வாசிப்பதில் குறை இருந்தது. வாசிக்கத் தெரியாதவன் எல்லாம் குற்றவாளி ஆகிறான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளி கைவிட்டவனுக்கு எத்தனை கதவுகள் மூடிப் போகின்றன என்பதை அது காட்டுகிறது. 2018 டிசம்பரில் வந்த சிறைச் சீர்திருத்தச் சட்டத்தில், மத்திய சிறைக் கைதிகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என ஒரு விதி சேர்க்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் ஒன்றாம் வகுப்பு வாசலில் செய்ய வேண்டிய சோதனையைச் சிறை வாசலில் செய்வது ஒரு சமூகத்துக்குப் பெருமையா?

கடைசி வரிசை மாநிலம் முன்னே வந்தது

இப்போது மிசிசிப்பிக்கு வருவோம். அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று. கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் மாநிலம். 2013ல் நான்காம் வகுப்பு வாசிப்புக்கான தேசியத் தேர்வில் அது 49ஆவது இடத்தில் கிடந்தது.

மாற்றத்துக்கான விதையைப் போட்டவர் ஒரு வியாபாரி. நெட்ஸ்கேப் கம்ப்யூட்டர் நிறுவனத்தை நடத்திய ஜிம் பார்க்ஸ்டேல். அவரும் அவர் மனைவியும் 2000ஆம் ஆண்டு 10 கோடி டாலரைக் கொடுத்தார்கள். எதற்கு? கட்டடத்துக்கு அல்ல, கல்வெட்டுக்கு அல்ல. தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருவதற்கு! நம் செல்வந்தர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

2013ல் மாநிலம் வாசிப்புச் சட்டம் கொண்டு வந்தது. அப்போது ஆளுநராக இருந்த ஃபில் பிரையன்ட் சிறு வயதில் டிஸ்லெக்சியாவால் மூன்றாம் வகுப்பில் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டவர். பிள்ளைகளை மழலை வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. ஒலி, எழுத்து முறையில் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள் அனுப்பப்பட்டார்கள். 2024 தேர்வில் மிசிசிப்பி 9ஆவது இடத்துக்கு வந்து விட்டது. அதன் கறுப்பினப் பிள்ளைகள், மற்ற மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் முன்வரிசையில் நிற்கிறார்கள். ‘ஏழைப் பிள்ளைகள், இவ்வளவுதான் வரும்’ என்று கைவிரித்தவர்களின் முகத்தில் கரி!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. இதனால்தான் தேர்ச்சி கூடியதாகத் தெரிகிறது என்று குறை சொல்வோரும் உண்டு. நிறுத்தி வைப்பதை மட்டும் பிடித்துக் கொண்டு, சோதனையையும் பயிற்சியையும் விட்டு விட்டால் அது சீர்திருத்தம் ஆகாது, பிள்ளைக்குத் தண்டனையாகத்தான் முடியும் என்பதே நம் கருத்து.

கலிபோர்னியாவில் ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளைத் தவறாகக் குறையுள்ளவர்கள் என்று முத்திரை குத்தி விடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒதுக்கித் தள்ளக் கூடிய காரணம் அல்ல. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளையை அவனுக்குத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும். ஆனால் தவறாகச் சோதித்து விடுவோம் என்று பயந்து சோதிக்காமலே விடுவது என்ன நியாயம்? சுமார் 40 மாநிலங்கள் முந்திக் கொண்ட பிறகு, 2023ல் கலிபோர்னியாவும் சட்டம் போட்டது. மழலை வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் சோதனை, 2025-26 கல்வியாண்டில் இருந்து. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் கேவின் நியூசமும் டிஸ்லெக்சியாவோடு வளர்ந்தவர்தான்.

நம் கையில் இருக்கும் சட்டம்

‘அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?’ என்று கேட்பீர்கள். சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது சகோதரர்களே! மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் சொல்லப்பட்ட 21 வகைகளில் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அரசும் உள்ளாட்சிகளும் தாங்கள் நிதி தரும், அங்கீகாரம் தரும் பள்ளிகள் இந்தக் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து, தக்க முறையில் கற்பிக்கும்படி பார்த்துக் கொள்ள வேண்டும் என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று பெற்றவர்களுக்கு உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் இட ஒதுக்கீடும் இருக்கிறது.

ஆனால் 2018ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டி நெறியில் சோதனைக்குக் குறித்த காலம் மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது. அமெரிக்க மாநிலங்கள் ஐந்து, ஆறு வயதில் தேடுகின்றன. நாம் எட்டு வயது வரை பிள்ளையை அடி வாங்க விட்டு விட்டுப் பிறகு தேடுகிறோம்.

6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது. வறுமை ஒரு காரணம், பாரபட்சம் ஒரு காரணம். அவற்றைப் பற்றி மேடை போட்டுப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பாதியில் நின்ற அந்தப் பிள்ளைகளில் எழுத்து ஓடாமல் அவமானப்பட்டு ஓடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நாம் என்றாவது விசாரித்திருக்கிறோமா?

செய்ய வேண்டியவை இவை:

1. கடைக்காரர்களே! மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். படிப்பு வரவில்லையா, வாசிப்பு வரவில்லையா? வாசிப்புதான் தடை என்றால் பள்ளியில் எழுத்து மூலம் சோதனை கேளுங்கள். அரசு மருத்துவமனையை அணுகுங்கள். கடையில் வேலை செய்யும் பையனின் தம்பி, தங்கைக்கும் இதைச் செய்யுங்கள். உங்கள் மகனுக்கு மட்டும் என்று நிறுத்தி விடாதீர்கள்.

2. இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளைச் சோதித்தார்கள், எத்தனை பேருக்குச் சிறப்பு ஆசிரியர் கிடைத்தார் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டெக்சாஸ் ரகசியம் வெளிவந்தது, கணக்கைத் தோண்டியதால்தான்.

3. ஜமாஅத்தும் சங்கங்களும் நடத்தும் பள்ளி நிர்வாகிகளே! கேள்வி அரசுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பகுதியில், ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு இந்தப் பயிற்சி கொடுங்கள். 1990களின் தொடக்கத்தில் இருந்து சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இந்தத் துறையில் இயங்கி வருகின்றன. கற்றுக் கொள்ள ஆள் இல்லை என்ற சாக்கு செல்லாது.

நியூஜெர்சியில் சில பெற்றோர் கூடியதால் சட்டம் பிறந்தது. டெக்சாஸில் கண்காணிக்க ஆள் இல்லாததால் சட்டம் செத்தது. மிசிசிப்பியில் சட்டமும் பணமும் பயிற்சியும் ஒன்று சேர்ந்ததால் பிள்ளைகள் வாசித்தார்கள். நம்மிடம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்க ஆள்தான் இல்லை.

அடுத்த முறை, “பாய், உங்க பையனுக்குப் படிப்பு ஏறலை” என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்து கொண்டு திரும்பி வராதீர்கள். “ஏன் ஏறலை சார்? சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். கேட்பீர்களா?